இரண்டும் சந்தித்தபோது

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு பாத்ரூம் தேய்க்க உட்கார்ந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, தரையெல்லாம் கறை. பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்தும் போகவில்லை. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று, பெரிய கெட்டிக்காரி போல அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றினேன். பனிக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தேன்.

புஸ்ஸென்று நுரைத்தது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு ஆவி. கண் எரிந்தது; நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற் போல இருந்தது. கத்தக்கூடக் குரல் எழும்பவில்லை. வாளி உருண்ட சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்து, கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போட்டார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ!

"குளோரின் வாயு அம்மா அது. காற்றைவிடக் கனம், கீழேயே தங்கும். நீங்க குனிஞ்சு தேய்ச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம் என்று அன்று மாலை வரை அங்கேயே படுக்க வைத்துவிட்டார். 1915-ல் பெல்ஜியத்துப் போர்முனையில் ஜெர்மானியர் திறந்துவிட்டதும் இதே வாயுதானாம். கேட்டதும் எனக்குக் கை கால் உதறியது.

தனித்தனியே சாதுவாக இருந்தவை சேர்ந்ததும் ஏன் இப்படி? பிளஸ் டூ படிக்கும் என் பெண்தான் சொன்னாள்.

"எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள்மா. ஒண்ணோட ஒண்ணு மோதினாத்தான் புதுப் பொருள் உண்டாகும். மோதினதெல்லாம் சேர்ந்திடாது. போதுமான வேகம் வேணும், சரியான பக்கமா மோதணும்."

பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாருமா தாலி கட்டிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். 1916-ல் ஜெர்மனியில் மாக்ஸ் டிரவுட்ஸ் என்பவரும், 1918-ல் இங்கிலாந்தில் வில்லியம் லூயிஸ் என்பவரும் தனித்தனியே கண்டு சொன்னதாம் இது. நம் கேஸ் அடுப்பிலும் அப்படித்தான். கேஸும் காற்றும் கலந்து வந்தாலும் தீக்குச்சியின் சூடு பட்டால்தான் பற்றுகிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர அந்தச் சூடுகூட வேண்டாம்.

நான் நம்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்து வீட்டிலிருந்து முட்டை ஓடு வாங்கி வந்தாள். (மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.) ஒரு டம்ளரில் ஓட்டைத் துண்டாகப் போட்டாள், இன்னொன்றில் பொடித்துப் போட்டாள். இரண்டிலும் வினிகரை ஊற்றினாள். துண்டில் மெல்ல மெல்லக் குமிழி வந்தது; பொடி சட்டென்று நுரைத்தது. பொடித்தால் எல்லாப் பக்கமும் வெளியே தெரிவதால் மோத இடம் அதிகம். வினிகரைச் சுடவைத்தால் துகள்கள் இன்னும் வேகமாக ஓடி மோதுமாம்.

நான் தூவியதும் நைஸ் பவுடர்தான். ஆசிட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதது. "தண்ணி விட்டிருந்தா?" என்று கேட்டேன். "துகள்கள் விலகி நின்னு, மெதுவா வந்திருக்கும். வராமப் போகாது" என்றாள்.

இப்போது ஆசிட் கொல்லை அலமாரியில் இருக்கிறது, பிளீச்சிங் பவுடர் மாடிப்படிக்கு அடியில். இரண்டு சாவியும் மாமியார் இடுப்பில்.