மதுரையில் எங்கிட்டு?

கல்யாணமாகி எட்டு வருடத்தில் நாங்கள் கைகோத்து நடந்தது போன பிப்ரவரியில்தான். அதுவும் மதுரையில் இல்லை, இலங்கையின் ஹிக்கடுவை கடற்கரையில். எங்களில் ஒருவர் மேலூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். இன்னொருவர் உசிலம்பட்டிப் பக்கம், ஆதிக்க சாதி வீடு. 2014இல் விமலாதேவி கொல்லப்பட்டதும் அந்தப் பக்கம்தான். 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். இதெல்லாம் தெரிந்தவர்கள் மாசி வீதியில் எப்படி நடப்பார்கள்? இரண்டடி தள்ளித்தான். பழகிவிட்டது.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து கடலை ஒட்டியே ஓடும் ரயில். நாங்கள் தங்கிய சின்ன விடுதியில், குளிர்காலம் முழுக்க அங்கேயே இருக்கும் ஒரு ஜெர்மன் தம்பதி இருந்தார்கள். எழுபது வயதிருக்கும். தங்களை ‘எக்ஸ்பாட்’ என்று சொல்லிக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் அந்த வார்த்தை எங்களுக்கு நெருடியது. இதே தீவுக்குத் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், நெல்லைச் சீமைகளிலிருந்து மன்னார் காட்டு வழியே நடந்துபோன நம் சனத்துக்கு, அதில் பெரும்பகுதி தலித்துகள், கிடைத்த பெயர் கூலி. முதலில் காபி, பிறகு தேயிலை. நூறு வருடத்துக்கும் மேல் உழைத்தவர்களை 1948இல் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கினார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தபோது அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைக்காரர் கடல் தாண்டினால் எக்ஸ்பாட்!

மதுரை என்றதும் அந்த ஜெர்மன்காரர் “மீனாட்சி கோயில்!” என்றார். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத அய்யர் கக்கன் உள்ளிட்டவர்களை உள்ளே அழைத்துப்போகும் வரை எங்கள் தாத்தாக்களுக்கு அங்கே இடமில்லை என்றோம். அதன்பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. தலித் ஒருவர் தலைவராகிவிடக் கூடாது என்று பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து வருடம், 2006 வரை, பஞ்சாயத்துத் தேர்தலை முடக்கி வைத்ததைச் சொன்னோம். உத்தபுரம் சுவரைச் சொன்னோம், 2008இல் அதில் ஒரு பகுதியை இடித்ததையும் சொன்னோம். அந்த அம்மா “தோல் நிறத்தை வைத்தா பிரிக்கிறார்கள்?” என்றார். இல்லை என்றோம். “பிறகு எப்படித் தெரியும்?”

“கேட்பார்கள்.”

அதைக் கேட்கும் ஆள் மறுநாள் காலையிலேயே வந்தார். கடலோரம் நாங்கள் பேசுவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். கொழும்பில் ஏதோ கம்பெனியில் நல்ல வேலை, குடும்பத்தோடு வார இறுதிக்கு வந்திருந்தார். “அடடே, மதுரையா! நாங்களும் மதுரைதான்” என்று முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். வெளிநாட்டில் ஊர்த் தமிழைக் கேட்பது சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

“மதுரையில எங்கிட்டு?”

“மேலூர்ப் பக்கம்.”

“மேலூர்ல எங்கிட்டு?”

ஊர்ப் பெயரைச் சொன்னோம். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. “ஊருக்குள்ளயா, இல்ல...” என்று இழுத்தார்.

தோழர்களே, முந்தின நாள் ஒரு ஜெர்மன்காரரிடம் முக்கால் மணி நேரம் சாதியைப் பற்றி வகுப்பெடுத்தவர்கள் நாங்கள். சமூகவியலில் முதுகலை வேறு. கிராமம் கிராமமாகப் போய் “பயப்படாமல் சொல்லுங்கள்” என்று மற்றவர்களுக்குச் சொல்வதுதான் எங்கள் வேலை. அந்த “இல்ல...” முன்னால் எங்கள் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: “இப்ப டவுன்லயே செட்டில் ஆயிட்டோம்ணே.” கோத்திருந்த கை எப்போது பிரிந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை. மழுப்புகிறவர் யார் என்பது அவருக்கும் தெரியும். “சரி, சரி” என்றார். பேச்சு வெயிலைப் பற்றிப் போய் முடிந்தது.

வெள்ளைக்காரரிடம் சாதியைச் சொல்வதில் நமக்கு எந்தச் செலவும் இல்லை. அவருக்கு உசிலம்பட்டியில் சொந்தக்காரர் கிடையாது.

அன்று சாயங்காலம் நாங்கள் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். விடுதியில் மேசை துடைக்கும் தம்பிக்கு இருபது வயதிருக்கும். தெனியாயப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். தமிழில் பேசியதும் முகம் மலர்ந்தது. அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறார், வீடு லயத்தில், மழை பெய்தால் கூரை ஒழுகும், எல்லாம் சொன்னார். நாங்கள் வெகு இயல்பாகக் கேட்டோம்: “உங்க தாத்தா காலத்துல இந்தியாவுல எந்த ஊரு தம்பி?”

“தெரியாதுங்க அண்ணே. பாட்டி துறையூர்னு சொல்லும்.”

“துறையூர்ல எந்தப் பக்கம்?”

கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. அந்தத் தம்பி துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “ஏன் கேக்குறீங்க?” என்றார். சும்மாதான் என்றோம். சும்மா இல்லை. நம்ம ஆளாக இருக்குமோ என்ற ஆசை அது. காலையில் அந்த ஆளும் தன்னைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

கிளம்புகிற அன்று காலை, அவர் கேட்காமலே, மேலூர்ப் பக்கத்து எங்கள் காலனியின் பெயரைச் சொன்னோம். ஊரிலிருந்து தள்ளி, கண்மாய்க்கு அந்தப் பக்கம், ஒட்டி ஒட்டி வீடுகள் என்றோம். ஒரு நிமிடம் யோசித்தார்.

“அதுவும் லயம் மாதிரிதானா அக்கா?”

“கிட்டத்தட்ட.”

“கூரை ஒழுகுமா?”

“இப்ப காங்கிரீட்டு. அதுவும் ஒழுகும்” என்றோம். சிரித்துக்கொண்டே எங்கள் பையை ஆட்டோவில் ஏற்றினார்.