பனி வீசும் பொறி

கண்டி மாநகரிற் தமிழ் கற்பிக்கும் ஒருவன் பனி வாரும் பொறியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் நகைத்தல் கூடும். எமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் மகாவலிக் கரையை மூடும் வெண்புகாரும், தை மாதத்து நுவரெலியாப் புல்நுனியில் உறைந்து வெயிலேறக் கரையும் வெண்மையுமே. ஆயினும், 1983ஆம் ஆண்டின் பின்னர் எம்மவர் பல்லாயிரவர் கனடா நாட்டிற் குடியேறினர். அவருள் பழைய மாணவரும் உளர். அவர்தம் மாரிக்காலக் கவலைகளுள் ஒன்றனை நேரிற் கண்டவன் என்னும் உரிமையால் இதனை எழுதுகின்றேன்.

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் என் தமக்கையார் இல்லத்திற் தங்கியிருந்தேன். நகர நெருக்கத்தை விட்டு ஒதுங்கிய வீடு அது. வீதியிலிருந்து வாயில்வரை கார் செல்லும் வழி 30 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உடையது; பாதிக்குமேற் சல்லிக்கல் பரவியது. அத்தானுக்கு அவ்வாண்டுதான் இதயத்திற் சிகிச்சை நடந்திருந்தது. கடுங்குளிரிற் குருதிக் குழாய்கள் சுருங்கும். அந்நேரம் பாரந் தூக்கினால் இதயம் தாங்காது. ஆகவே சவளைத் தொடலாகாது என்று வைத்தியர் கண்டிப்பாய்க் கூறிவிட்டார். அக்காவோ வைத்தியசாலைப் பணியினர். காலை ஐந்து மணிக்குக் கார் வீதிக்கு ஏறியே தீரவேண்டும்.

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 20 சென்ரிமீற்றர் பனி வீழ்ந்தால் அவ்வழியிற் கிடப்பது 36 கனமீற்றர். புதுப்பனி நீரின் பத்திலொரு பங்கு நிறையுடையது எனக் கொண்டாலும் அது 3,600 கிலோகிராம். ஈரப்பனியாயின் இன்னும் மிகும். இதனை ஒரு மனிதன் சவளால் அள்ளி எறிவதெங்ஙனம்?

பொறிகள் இருவகை. ஒருநிலைப் பொறியில் இறப்பர் விளிம்புடைய சுழலி ஒன்றே பனியை வாரி, அதுவே வீசியும் விடும். இலகுவானது, விலையுங் குறைவு. ஆனால் நிலத்தைத் தொட்டுச் சுழல்வதாற் சல்லியையும் அள்ளி எறியும். இருநிலைப் பொறியிலோ, முன்னே பல்லுள்ள இரும்புத் திருகு பனியை உடைத்து நடுவே தள்ள, பின்னே விரைந்து சுழலும் விசிறி அதனை வாங்கிக் குழல் வழியே தொலைவில் வீசும். பக்கங்களிலுள்ள சறுக்குத் தட்டுகளைத் தாழ்த்தினால் திருகு நிலத்தினின்று உயர்ந்து நிற்கும், கல் தப்பும்.

உண்மையான பகை முற்றத்துப் பனியன்று. வீதியைத் துப்புரவாக்கும் நகரசபை வண்டி, வீட்டு வழியின் வாயிலிற் குறுக்கே ஒரு வரம்பைத் தள்ளிவிட்டுப் போகும். உப்பும் ஈரமும் கலந்த அவ்வரம்பு சில மணி நேரத்திற் கல்லாய் இறுகிவிடும். அதனை உடைக்கவே இருநிலைப் பொறி வேண்டும். மின்கலப் பொறிகளும் இன்று உள. எனினும் குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குன்றும். ஆதலாற் பெற்றோலே என முடிவாயிற்று.

கடையில் விற்பனையாளர் 30 அங்குல அகலப் பொறியையும் அதன் பெரிய எஞ்சினையும் புகழ்ந்தார். அத்தானும் அதிலேயே கண்ணாயிருந்தார். பேச்செல்லாம் அவருடனே நடந்தது. அதனை ஓட்டப் போகிறவர் அவரல்லரே! “அக்கா, நீங்கள் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்” என்றேன். நூறு கிலோவுக்கு மேற்பட்ட அவ்விரும்பை அவராற் திருப்ப இயலவில்லை. அருகில் நின்ற 24 அங்குலப் பொறியில், கைப்பிடியின் கீழுள்ள விசையை அழுத்தியதும் அப்பக்கத்துச் சக்கரம் ஓய்ந்து, பொறி தானே திரும்பிற்று. கயிறிழுத்து முடுக்க வேண்டாது, வீட்டு மின்சாரத்திற் தொடுத்து முடுக்கும் வசதியும் அதில் இருந்தது. இரண்டு வரிசை கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவே. ஆயிரம் டொலருக்கு மேற் கொடுத்து அதனையே வாங்கினோம்.

இப்பொறியின் வரலாறும் சுவையானது. கியூபெக் மாகாணத்து ஆதர் சிக்கார் என்பவர் 1925இல் இதனை உருவாக்கினார். 1927இல் மொன்றியல் அருகேயிருந்த ஊற்றமொன்ற் நகரம் ஒன்றை வாங்கியது. கதிரடிக்கும் பொறியைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததென்பர். சூடடித்துத் தூற்றிய நம் களங்களை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

வாங்கவிருப்போர்க்குச் சில கூறுவேன். திருகிற் கல் சிக்கினால் பற்சக்கரப் பெட்டியைக் காக்கவென்றே முறியும் ஆணிகள் உண்டு. அவற்றிற் சில கையிருப்பில் இருக்கட்டும். குழல் அடைத்தால், எஞ்சினை நிறுத்தியபின்னும் கையை விடாதீர்கள். தேங்கிய விசையால் விசிறி திடீரெனச் சுழலும். அதற்கெனக் கொடுக்கப்பட்ட கோலாலேயே குத்துக. மூடிய கொட்டிலினுள் ஒருபோதும் முடுக்கலாகாது, அப்புகை கொல்லும்.

நான் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னர் பெரும் பனி பெய்தது. காலை நான்கு மணிக்கு அக்கா பொறியை முடுக்கினார். வாயில் வரம்பைச் சிறிது சிறிதாக மூன்று முறை சென்று கடித்தெடுத்தது அது. அத்தான் கம்பளிக்குள் ஒடுங்கிச் சாளரத்தருகே நின்று, “காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, குழலைக் கிழக்கே திருப்பு!” என்று கூவிக்கொண்டேயிருந்தார். எஞ்சின் இரைச்சலில் அவருக்கு அது கேட்கவில்லை. குழல் முன்னரே கிழக்கு நோக்கித்தான் இருந்தது.