எட்டு மீட்டர் தள்ளி நில்லுங்க

உங்க வீட்டுக் காரும் ராத்திரியில லைட் போட்டா அகல் விளக்கு மாதிரிதான் எரியுதா? எங்க பழைய ஆல்ட்டோ அப்படித்தான். காரைக்கால்லேர்ந்து நாகப்பட்டினம் போறதுக்குள்ள அப்பாவுக்குக் கண்ணு பூத்துடும். "ஸெனான் போட்டுடலாம்ப்பா"ன்னு செமஸ்டர் லீவுல ஆரம்பிச்சு வச்சது நான்தான்.

அதுல ஒரு சிக்கல். ஆல்ட்டோவில் இருப்பது எச்-4 பல்பு. ஒரே பல்புக்குள் ரெண்டு இழை: லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60. ஸெனானில் இழையே கிடையாது, வாயுவுக்குள் ஒரே ஒரு மின்வில். அப்போ ஹை பீம்? அதுக்குத்தான் பை-ஸெனான். டிம்மரைத் தட்டினால் மின்காந்தம் ஒன்று பல்பையே முன்னும் பின்னும் நகர்த்தும். 'டக்'னு வர்ற சத்தத்துக்காகவே நாலு தடவை தட்டிப் பார்த்தேன்.

ரோடு பகலாச்சு. எனக்கு ஒரே பெருமை.

ஆகஸ்ட் கடைசியில வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போறவங்களைப் பார்த்திருப்பீங்க. நாகூர்லேர்ந்து திரும்பி வர்றோம், எதிரே ஒரு குடும்பம். லோ பீம்தான் போட்டிருந்தோம். அந்த அம்மா கையால் கண்ணை மறைச்சுக்கிட்டு ஒதுங்கினாங்க, ஆனா ஒதுங்கினது ரோட்டுப் பக்கம். அப்பா பிரேக் அடிச்சு நிறுத்தினப்போ நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். வீடு வர்ற வரைக்கும் நாங்க பேசிக்கல.

மறுநாள் மோட்டார் வாகன விதிகளைத் தேடிப் படிச்சேன். விதி 106: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரம், வலப்பக்கம் அரை மீட்டர், உயரம் 1.5 மீட்டர். அங்கே இருக்கிற கண்ணு கூசக் கூடாது. ராத்திரி தெருவுல டேப் பிடிச்சு அளந்து, கொஞ்சம் குனிஞ்சு நின்னு, தம்பியை லோ பீம் போடச் சொன்னேன். கண்ணைத் திறக்கவே முடியல. பழைய பல்பை மாட்டிட்டு நின்னா ஒண்ணுமே இல்ல. எச்-4ல லோ பீம் இழைக்கு அடியில ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், மேலே சிதறப் போற வெளிச்சத்தை அதுதான் தடுக்குது. ரிஃப்ளெக்டரின் வளைவும் அந்த மெல்லிய இழைக்குன்னே கணக்குப் போட்டது. மின்வில்லோட வடிவமே வேற, அதனால வெளிச்சம் கண்டபடி சிதறுது.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். (முதல்லயே எடுத்திருக்கணும். மூணு வருஷமா லேப்ல என்ன கிழிச்சேனோ!) லைட் எரியும்போது பேட்டரியில் 12.2 வோல்ட், பல்பு ஹோல்டரில் 10.5. ஹாலஜன் வெளிச்சம் வோல்ட்டேஜின் 3.4 அடுக்கு கணக்குல குறையும். போட்டுப் பாருங்க, 40 சதவீதம் காலி. எர்த் முனையைக் கழட்டினா உப்புக்காத்துல பச்சையா பூத்துக் கிடக்கு.

சுரண்டித் துடைச்சேன். பேட்டரியிலிருந்து நேரா தடிமனான வயர் இழுத்து, லோவுக்கு ஒண்ணு, ஹைக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே மாட்டினேன். அதே பழைய பல்புதான். அப்பா இப்ப ராத்திரியில தைரியமா ஓட்டுறார். ரிலேயும் 'டக்'னுதான் சத்தம் போடுது.

ஸெனான் செட் பெட்டியோட பரண்ல இருக்கு. விலைக்குக் கேட்டு வந்துடாதீங்க, தர மாட்டேன்.