நூறு கஜம், இருநூறு ரூபாய்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். இந்த இடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது குற்றம் என்று எழுதியிருக்கும். அது 2003ஆம் ஆண்டு சட்டத்தின் ஆறாவது பிரிவு. அதே பிரிவுதான் 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்றும் சொல்கிறது.

நான் வேலையில் இருந்தபோது எட்டாம் வகுப்பில் வட்டம் நடத்த வேண்டி வந்தது. ஆரம் என்றால் என்ன என்று கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் பின் பெஞ்சுக்கு ஏறவில்லை. சரி, வாருங்கள் என்று முந்நூறு அடிக்குக் கயிறு எடுத்துக்கொண்டு வெளியே கூட்டிப் போனேன். நூறு கஜம் என்றால் முந்நூறு அடிதானே. மதில் சுவரிலிருந்து நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தோம். உள்ளே அகப்பட்டவை நாலு பெட்டிக்கடைகள். நாலிலும் சிகரெட், மூன்றில் பாக்குப் பொட்டலச் சரமும் கூட. அன்றைக்கு ஆரம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது!

பிறகு தலைமையாசிரியர் மூலம் புகார் எழுதினோம். அதிகாரி வந்தார், ரசீது போட்டார். இந்தப் பிரிவில் அபராதம் அதிகபட்சமே இருநூறு ரூபாய். கடைக்காரர்கள் கட்டினார்கள், மறுநாள் வழக்கம்போல விற்றார்கள். ஒருவர் மட்டும் நோட்டு, பேனா, பென்சில் வியாபாரத்துக்கு மாறினார்.

இப்போது இதை எழுதக் காரணம், நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் கேட்ட கேள்வி. அவனே ஒரு பள்ளி எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். "டீச்சர், தயாரிக்கிறவன் கம்பெனி, வரி வாங்குறது கவர்மெண்ட், அபராதம் மட்டும் எனக்கா? சிகரெட் வாங்க வர்றவங்கதான் டீயும் முறுக்கும் வாங்குறாங்க. அதை நிறுத்தினா நான் எப்படிப் பிழைக்கிறது?" சிலர் அவனைத் திட்டி எழுதினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. பதில் சொல்லக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

பழியைக் கடைக்காரர் தலையில் போடும் வழி அமெரிக்காவில் பழகிப்போன ஒன்று. 1990இல் அங்கே சிகரெட் கம்பெனிகளின் சங்கமான டொபாகோ இன்ஸ்டிட்யூட், "இட்ஸ் தி லா" என்று ஓர் இயக்கம் தொடங்கியது. சிறுவர்களுக்கு விற்காதீர்கள் என்று கடைகளுக்கு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1998 வழக்குகளின் பலனாகக் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. கடுமையான சட்டம் வராமல் தடுக்க இந்த நல்ல பிள்ளை வேடம் உதவும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய பதின்வயதுப் பிள்ளைதான் நாளைய நிரந்தர வாடிக்கையாளர் என்ற கருத்து பிலிப் மாரிஸ் கம்பெனியின் 1981ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. பல மாநிலங்களில், ஊர் நிர்வாகங்கள் தனியாகக் கடுமையான விதி போட முடியாதபடி மாநிலச் சட்டத்திலேயே ஒரு வரி சேர்க்கவும் பாடுபட்டார்கள். நகரசபைகளோடு ஊர் ஊராக மல்லுக்கட்டுவதைவிடத் தலைநகரில் ஒரே இடத்தில் பேசி முடிப்பது சுலபம் அல்லவா?

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் ஒக்லஹோமாவின் காங்கிரஸ் உறுப்பினர் மைக் சைனார். 1992இல் அவர் கொண்டுவந்த திருத்தம் எளிமையானது. 18 வயதுக்குக் கீழ் விற்பனையைத் தடை செய்து, முன்னறிவிப்பில்லாமல் கடைகளைச் சோதிக்க வேண்டும். செய்யாத மாநிலத்துக்கு மத்திய நிதியில் வெட்டு. 1994இல் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே அவர் தோற்றார். புகையிலை, துப்பாக்கி, மாட்டுப் பண்ணை என்று எல்லாத் தரப்பின் பகையும் அவருக்கு இருந்தது. அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? ஓய்வுபெற்ற ஒரு பள்ளி முதல்வர்! நம் இனத்து ஆள் என்று படித்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. சைனார் மூளைக்கட்டியால் 1996 ஜனவரியில் இறந்தார், வயது 45. அவர் திருத்தத்துக்கான விதிகள் வெளியானதும் அதே மாதத்தில்தான்.

நம் நாட்டுக்கு வருகிறேன். பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற அறிவிப்பு 2014இல் வந்தது. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வர வேண்டியது. அதற்குள் நாடாளுமன்றக் குழு ஒன்றின் தலைவர் திலீப் காந்தி, புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று இந்திய ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்றார். குழுவில் இருந்த இன்னொருவர், சியாமா சரண் குப்தா, பீடித் தொழிலதிபர். ஓராண்டு தள்ளிப்போய் 2016 ஏப்ரலில்தான் அமலானது. அப்போதும் பெரிய கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்திப் பார்த்தன. 2020 கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு, வயதை 21 ஆக்கவும் உதிரி சிகரெட் விற்பனையைத் தடுக்கவும் சொன்னது. சிறு கடைக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. வரைவு வரைவாகவே நின்றுவிட்டது.

அதனால் என் மாணவனுக்கு நான் எழுதியது இது: "தம்பி, உன் கேள்வியில் பாதி நியாயம். கம்பெனிக்கு எதுவும் ஆகவில்லை, உனக்கு மட்டும் ரசீது வருகிறது என்பது உண்மை. ஆனால் உன் பிழைப்பைக் காட்டித்தான் அவர்கள் தப்பிக்கிறார்கள், அதையும் பார். இன்னொரு சட்டமும் உண்டு, 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். சிறுவனுக்குப் புகையிலை கொடுத்தால் ஏழாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அந்த வழக்கில் எந்தக் கம்பெனியும் உனக்கு வக்கீல் வைக்காது. முழுப் பாக்கெட் வாங்க எந்தப் பையனிடமும் காசு இல்லை. உதிரியாக ஒன்று வாங்கத்தான் இருக்கிறது. அந்த ஒன்றில் புற்றுநோய்ப் படமும் கிடையாது. சீருடையில் வருகிறவனுக்கு உன் கை நீளக் கூடாது. உதிரியை நிறுத்து. கடையை மூடச் சொல்லவில்லை."

அவன் பதில்: "நான் நிறுத்தினா பக்கத்துக் கடையில வாங்குவான் டீச்சர்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாக் கடைக்கும் ஒரே விதி இருந்தால்தான் இதற்குப் பதில் வரும்.

2025இல் கர்நாடகம் அதைச் செய்திருக்கிறது. அங்கே இப்போது வயது 21, உதிரி விற்பனைக்குத் தடை, அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. நம் பிள்ளைகள் நிறையப் பேர் பெங்களூரில் இருக்கிறீர்கள். உங்கள் தெருமுனைக் கடையில் உதிரி சிகரெட் நின்றுவிட்டதா, கயிற்று நெருப்பு இன்னும் தொங்குகிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். அவனுக்கும் காட்ட வேண்டும். அவன் யார் என்று கேட்டு யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள், சொல்ல மாட்டேன்.