அச்சும் மட்கார்டும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961 முதல் சென்னையிலேயே உருவான வண்டி. அதைச் செய்த ஆலை மூடி வெகுகாலம் ஆகிறது. அப்பா விட்டுப்போன ஹெரால்டின் இடது மட்கார்டைக் கடற்காற்று தின்றுவிட்டது. மாற்று அகப்படவில்லை. ஃபைபர் கிளாஸில் நாமே செய்துகொள்ளலாம் என்றார் டிங்கர் வேலை பார்க்கும் பாய். அமெரிக்காவில் 1953இல் வந்த 300 கார்வெட் கார்களுக்கும் உடம்பு ஃபைபர் கிளாஸ்தான், கைவேலையும்தான்.

பழைய மட்கார்டின் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசி, அதன்மேல் ஃபைபரில் ஓர் அச்சு. அச்சைப் பிரித்து உள்ளே மறுபடி மெழுகு. அதற்குப் பிறகே நிஜமான மட்கார்டு. எனக்கு விநோதமாகப் பட்டது இந்த வரிசைதான். அச்சுக்குள் முதலில் பூசுகிற ஜெல்கோட்தான் கடைசியில் வெளியே தெரியும் முகம். கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் அதன் முதுகில் ஏறுகின்றன. வேலை முடியும்வரை முகத்தைப் பார்க்க முடியாது. கை படுவதெல்லாம் உள்பக்கத்தில். உருவம் முதலா உள்ளடக்கம் முதலா என்று பக்கம் பக்கமாக எழுதிய நம் விமர்சகர்கள் ஒரு மத்தியானம் இந்தப் பட்டறையில் உட்கார்ந்திருக்கலாம்.

ரெசினில் கோபால்ட்டை முதலில் கலந்துவிட வேண்டும். ஹார்டனர் பிறகு, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. அவை இரண்டும் நேரே சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கலந்ததும் டப்பா சூடேறுகிறது. சென்னை வெயில் அவகாசம் தருவதில்லை. பிரஷ்ஷால் குத்திக்குத்திக் காற்றுக் குமிழிகளை விரட்ட வேண்டும். நார்த் தூசி முழங்கையில் இரண்டு நாள் அரிக்கும்.

அச்சு எதையும் விடாது, மெழுகில் ஒட்டிய ஒரு தலைமுடியைக்கூட. பழைய மட்கார்டில் விளக்குக்குப் பின்னால் ஒரு நெளிவு இருந்தது. 1974இல் அப்பா கேட் தூணில் இடித்தது. பட்டி வைக்கும்போதே, "இது இருக்கட்டுமா தம்பி?" என்றார் பாய். அவருக்கு அப்பாவைத் தெரியும். இருக்கட்டும் என்று வாய்வரை வந்தது. ஆனால், இடிபடாத பொருளில் இடித்த தழும்பு வெறும் அலங்காரம். பிறர் துக்கத்தை அச்செடுத்து வரும் கவிதைகளை நான் சகித்ததில்லை; அப்பா விஷயத்தில் மட்டும் சலுகை எப்படி? நேராக்கிவிடச் சொன்னேன். பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பழையது பட்டியும் மெழுகுமாகப் பரணில் கிடக்கிறது. புதியதை ஒரு கையால் தூக்கிப் பூட்டினோம். இரும்பு என்றால் விளக்கின் மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகவே திரும்பிவிடும். ஃபைபரில் அது நடக்காது. விளக்கிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்தார் பாய்.