கைக்கு அடங்கிய வானொலி

பொருளைத் தேர்ந்தெடுத்தல் ஒரு கலை. கடைக்குச் செல்வோருள் அழகைக் காண்போர் பலர். விலையைக் காண்போரும் பலர். 'இப்பொருள் எனக்கு எதற்கு?' என்று தம்மையே முதலில் வினவிக்கொள்வோர் சிலரே. சிறு வானொலி ஒன்றை வாங்குவதற்கும் இவ்வினா வேண்டியதே.

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி கூடத்து மேசையின்மேல் வீற்றிருந்தது. வால்வுகள் பல கொண்ட அப்பெட்டி உருவத்தில் பெரியது. மின்சாரத்தையும் மிகுதியாக விழுங்குவது. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் என்னும் நுண்பொருள் உருவாயிற்று. அதன் பொருட்டு ஷாக்லி, பார்டீன், பிராட்டன் என்னும் அறிஞர் மூவரும் 1956-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். அதற்கு முன்னரே, 1954-ஆம் ஆண்டில், நான்கே டிரான்சிஸ்டர்கள் கொண்ட கையடக்க வானொலி அந்நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது. மேசையை விட்டு இறங்கிய வானொலி மனிதனோடு நடக்கத் தொடங்கியது.

தாம்பரத்தில் வாழும் அலுவலர் ஒருவர் நாள்தோறும் மின்சார இரயிலில் சென்னைக் கடற்கரை நிலையம் வரை செல்பவர்; வைகறையில் ஒரு மணி நேரம் நடப்பவர். செய்தியும் இசையும் கேட்கக் கைப்பேசி அவரிடம் இருந்தது. எனினும், 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது கண்டதை அவர் மறக்கவில்லை. அன்று தெருவெங்கும் மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் நின்றது, கைப்பேசியும் ஊமையாயிற்று. அண்டை வீட்டு முதியவரின் சிறு வானொலியே அவ்விரவில் புயற்செய்தி கூறியது. ஆதலின், பயணத்திற்கும் நடைக்கும் உதவி, இடர்க்காலத்திலும் துணைநிற்கும் வானொலி ஒன்றை வாங்க அவர் ரிச்சி தெருவிற்குச் சென்றார்.

வண்ண விளக்குகள் மின்னும் பெட்டியொன்று அவர் கண்ணைக் கவர்ந்தது. கடைக்காரப் பெரியவர் புன்னகையுடன், "ஐயா, இதை எங்கே வைத்துக் கேட்கப் போகிறீர்கள்?" என்று வினவினார்.

"இரயிலிலும் நடைபாதையிலும்தான், பெரியவரே."

"அப்படியானால் இது வேண்டா. உங்களுக்கு விளக்கு எதற்கு?" என்ற அவர், சிறிய பெட்டி ஒன்றை எடுத்து விளக்கலானார்.

இரயில் பெட்டி இரும்பாலானது. மத்திய அலை அதனுள் மெலிந்துவிடும். மின்பொறிகளின் இரைச்சலும் அதனோடு கலக்கும். அங்கே பண்பலையே தெளிவாகக் கேட்கும். இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதல் 1977-ஆம் ஆண்டில் சென்னையில்தான் தொடங்கிற்று. இத்தகைய சிறு பெட்டிகளில் காதில் மாட்டும் கருவியின் கம்பியே பண்பலைக்கு வானலைக் கம்பியாகவும் பயன்படுகின்றது. அதனைச் சுருட்டி வைத்தால் ஒலி குன்றும். மத்திய அலையோ இரவில் நெடுந்தொலைவு செல்லும். புயற்காலத்தில் அதுவும் வேண்டும். ஆகவே இரண்டும் உள்ள பெட்டியே ஏற்றது.

விரைந்து நடக்கும்போது சட்டைப்பையில் உள்ள திருகு உராய்ந்து நிலையம் மாறிவிடும். விசைகளை அசையாமல் நிறுத்தும் பூட்டு இருப்பின் அத்தொல்லை இல்லை. பெட்டிக்கடையிலும் கிடைக்கும் இரண்டு பென்சில் பேட்டரிகளால் இயங்குமாயின், மின்சாரம் இல்லாத நாளிலும் அது பேசும்.

இறுதியாகப் பெரியவர், "வானொலிக்கு ஒரு காதைக் கொடுங்கள், சாலைக்கு மற்றொரு காதை விட்டுவையுங்கள்" என்றார். அலுவலர் சிறிது நேரம் பேசவில்லை. இரு செவிகளையும் அடைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தோர் உயிரிழந்த செய்திகளை அவர் நாளிதழில் படித்திருந்தார். அதுகாறும் அவரும் நடையின்போது இரு செவிகளிலும் கைப்பேசிக் கருவியை மாட்டிக்கொண்டே சென்றவர். அன்று முதல் அவ்வழக்கத்தை விட்டார்.

செவியின் நலமும் கருதத்தக்கது. 80 டெசிபெல் அளவு ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒலி மிகுமாயின் கேட்கும் நேரம் குறைதல் வேண்டும். இரயிலின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவோர், தம் செவியையே சிறிது சிறிதாக இழக்கின்றனர். ஒலிபெருக்கியைத் திறந்துவிடுவோரோ அருகிலிருப்போரின் அமைதியைக் குலைக்கின்றனர்.

கருவிகள் நாளும் பெருகுகின்றன. அவற்றுள் தமக்கு வேண்டியதைத் தேர்வதற்கு அறிவு வேண்டும். தேர்ந்ததை அளவோடு ஆள்வதற்கு அடக்கம் வேண்டும். இவ்விரண்டும் உடையவர்க்குக் கைக்கு அடங்கிய சிறு பெட்டியும் உற்ற துணையாகும்.