மலைச்சரிவில் ஒரு எழுத்து வீடு

மன்செஸ்ரரிலிருந்து புகையிரதத்தில் போய் ஹெப்டன் பிரிட்ஜில் இறங்கி, ஏற்றம் ஏறி நடந்தோம். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கிறது லம் பாங்க் என்ற பழைய கல்வீடு. கவிஞர் ரெட் ஹியூஸுக்குச் சொந்தமாயிருந்த வீடு. 1968 இல் தொடங்கிய ஆர்வன் அமைப்பு, 1975 இலிருந்து இங்கே கதை, கவிதை எழுதப் பழக்குகிறது.

வருபவர்கள் ஒரு கிழமை தங்குவார்கள். காலையில் இரண்டு எழுத்தாளர்கள் வகுப்பு நடத்துவார்கள். பிறகு ஒவ்வொருவரின் எழுத்தையும் தனியே இருந்து பார்ப்பார்கள். இராச்சமையல் முறைவைத்து எல்லோரும் செய்யவேண்டும். கடைசி இரவு, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசிப்பார்கள்.

கட்டணம் கூடத்தான். வசதி குறைந்தோருக்கு உதவித்தொகை உண்டு, விண்ணப்பித்துப் பாருங்கள். போகமுடியாதவர்கள் குசினி மேசையைச் சுற்றி நாலுபேர் கூடி வாசித்தாலும் பட்டறைதான். அம்மம்மாமார் சொல்லும் ஊர்க்கதைகள் அவர்களோடு போய்விடுமுன் எழுதிவைப்போம்.